அப்பாவுக்குக் காது கேட்காதா? ஒரு தைவான் நகைச்சுவைப் படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதியது குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

சிங்கப்பூரில் ஒரு வீவக வீடு, அதாவது அரசு அடுக்குமாடி வீடு. கணவர் தமிழர், மனைவி சீனர். கணவரின் அம்மா அவர்களோடு இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர், கல்யாணமாகித் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வந்தவர். மனைவியின் பெற்றோர் பக்கத்து புளோக்கில் குடியிருக்கிறார்கள். ஞாயிறு மதியம் இரண்டு குடும்பமும் ஒரே மேசையில் சாப்பிடுவது ஒன்பது வருடப் பழக்கம். பாட்டிக்குத் தமிழ், கொஞ்சம் பசார் மலாய் (சந்தையில் புழங்கும் எளிய மலாய்), கடைக்குப் போய்வர நாலு வார்த்தை ஆங்கிலம். சம்பந்திகளுக்கு மாண்டரின், ஹொக்கியன் என்ற சீன வழக்கு, ஓரளவு ஆங்கிலம், பாட்டியிடம் பேச அதே பசார் மலாய். மேசையில் ஓடும் பேச்சில் பாதி யாராவது ஒருவருக்குப் புரியாது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

மருமகளுக்கு மிகவும் பிடித்த படம், ஆங் லீ 1993இல் எடுத்த ‘சி யென்’. ‘கல்யாண விருந்து’ என்று பொருள். அதை மாமியாருக்குப் போட்டுக் காட்டவேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. தமிழ் சப்டைட்டிலோடு எங்கும் கிடைக்கவில்லை. நான் பகலில் மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவன், நண்பர்களின் குறும்படங்களுக்கு சப்டைட்டில் எழுதிய பழக்கமும் உண்டு. அதனால் வேலை என்னிடம் வந்தது. எனக்கு மாண்டரின் தெரியாது. அந்த வீட்டுக் கணவர் என் பழைய நண்பர். காசு வாங்கிச் செய்த வேலையல்ல, பொதுக் காட்சிக்கும் அல்ல. வாங்கி வைத்திருந்த டிவிடியை வீட்டுக் கூடத்தில் போட்டுப் பார்க்க ஒரு எழுத்துக் கோப்பு, அவ்வளவுதான்.

என்ன வேண்டும் என்று மருமகள் ஒரே வரியில் சொன்னார்: “அத்தையும் எங்க அம்மாவும் ஒரே நேரத்துல சிரிக்கணும்.” இதைவிடத் தெளிவான அளவுகோலை எந்த வாடிக்கையாளரும் எனக்குத் தந்ததில்லை.

படத்தைப் பற்றித் தேவையான அளவு

வெய்தோங் தைவான்காரர். நியூயார்க்கில் வீடுகள் வாங்கி வாடகைக்கு விட்டு வசதியாக வாழ்கிறார். உடன் வாழ்பவர் சைமன் என்ற அமெரிக்க ஆண். தைவானில் இருக்கும் பெற்றோருக்கு இது தெரியாது. அம்மா கேசட்டில் குரல் பதிந்து அனுப்பிக் கல்யாணத்துக்கு நெருக்குகிறார். வெய்தோங்கின் கட்டடமொன்றில் குடியிருக்கும் ஷாங்காய் ஓவியப் பெண் வெய்வெய்க்கு கிரீன் கார்டு வேண்டும். இரண்டு பேரும் பெயருக்குக் கல்யாணம் செய்துகொள்ளட்டும் என்ற யோசனையைச் சொல்வதே சைமன்தான். செய்தி கேட்டுப் பெற்றோர் விமானம் ஏறி வந்துவிடுகிறார்கள். நகர மன்றத்தில் ஐந்து நிமிடத்தில் முடியும் பதிவுத் திருமணத்தைப் பார்த்து அம்மா அழுகிறார். அப்பா ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி. ஒரு காலத்தில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர் இப்போது நியூயார்க்கில் உணவகம் நடத்துகிறார், அவர் பிடிவாதமாகப் பெரிய விருந்து வைக்கிறார். விருந்து இரவில் நடந்ததன் விளைவாக வெய்வெய் கர்ப்பம். அதற்கப்புறம் யார் யாரிடம் எதை மறைக்கிறார் என்பதுதான் படம்.

அப்பாவாக நடித்த லாங் ஸியுங், ஆங் லீயின் முதல் மூன்று படங்களிலும் அப்பாதான். வெய்தோங்காக வரும் வின்ஸ்டன் சாவ் அதற்குமுன் விமானப் பணியாளராக இருந்தவர், இதுவே அவருக்கு முதல் படம். ஆங் லீ பல வருடம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தபின், 1990இல் தைவான் அரசு நடத்திய திரைக்கதைப் போட்டியில் அவருடைய வேறொரு கதைக்கு முதல் பரிசும் இந்தக் கதைக்கு இரண்டாம் பரிசும் கிடைத்தன. ஏறத்தாழ பத்து லட்சம் டாலரில் எடுத்த படம். 1993 பெர்லின் விழாவில் தங்கக் கரடியை இன்னொரு சீனப் படத்தோடு பகிர்ந்துகொண்டது.

இந்த ஆய்வுக்கு முக்கியமான விஷயம் வேறு. படம் இரண்டு மொழியில் நடக்கிறது. பெற்றோரும் மகனும் மருமகளும் தங்களுக்குள் மாண்டரின் பேசுகிறார்கள். சைமனோடு பேச்சு ஆங்கிலத்தில். பெற்றோருக்கு ஆங்கிலம் தெரியாது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருப்பதுதான் கதையின் அச்சாணி.

முதல் வரைவு

என் கையில் இருந்தது டிவிடியின் ஆங்கில சப்டைட்டில். அது மாண்டரின் வசனத்துக்கு மட்டும்தான் எழுத்துப் போடும். ஆங்கிலம் பேசும் இடங்களில் திரை காலியாக இருக்கும். அந்த இடங்களைக் காதால் கேட்டு எழுதி, இரண்டையும் நேர வரிசையில் கோர்த்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரிகளைத் தமிழாக்கினேன். ஒரே எழுத்துரு, ஒரே வெள்ளை நிறம். மருமகள் மாலை நேரங்களில் உட்கார்ந்து மாண்டரின் வசனத்தை என் தமிழோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார். தமிழ் எழுத்து அவருக்கு வாசிக்க வராது, அதனால் நான் வாசிக்க அவர் கேட்டுத் திருத்தினார். ஆறு மாலைகள் போயின.

எழுத்து எண்ணிக்கை ஒரு தனித் தொல்லை. மென்பொருள் தமிழ் எழுத்தை எண்ணுவதில்லை, குறியீட்டை எண்ணுகிறது. ‘கொஞ்சம்’ நமக்கு நாலு எழுத்து, அதற்கு ஏழு. ஆக, வரி நீளமாகிவிட்டது என்று சும்மா சும்மா சிவப்பு காட்டும். கொஞ்ச நாளில் நான் அந்தச் சிவப்பைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டேன். அது தவறு என்று பின்னால் தெரிந்தது. எண்ணிக்கைதான் தப்பு, எச்சரிக்கை பல இடங்களில் சரியாகவே இருந்தது.

பாட்டிக்கு விஷயத்தை முன்னாலேயே சொல்வதா வேண்டாமா என்று வீட்டில் ஒரு பேச்சு நடந்தது. இரண்டு ஆண்கள் சேர்ந்து வாழும் கதை என்று மகன் சொல்லிவிட்டார். “கதைதானே, போடு” என்றார் பாட்டி. இதில் எங்கள் தயக்கம்தான் அதிகம், அவருடையது அல்ல.

முதல் காட்சியில் கண்டவை

ஒரு சனிக்கிழமை இரவு. பாட்டி, அவருடைய தங்கை, நண்பர், மருமகள், சம்பந்திகள் இருவர், நான். மடிக்கணினியைத் தொலைக்காட்சியோடு இணைத்திருந்தோம். நான் பக்கவாட்டில் உட்கார்ந்து, யார் எப்போது சிரிக்கிறார்கள் என்று நோட்டில் குறித்துக்கொண்டேன்.

முதல் அரை மணி நேரம் பரவாயில்லை. திருமண நிலையம் கேட்ட படிவத்தில், உயரமாக இருக்கணும், ஆப்பரா பாடணும், முனைவர் பட்டம் வேணும் என்று வெய்தோங் நடக்காத நிபந்தனைகளாக எழுதித் தள்ள, அம்மா அசராமல் ஏறக்குறைய அப்படியே ஒரு பெண்ணைக் கண்டுபிடித்து அனுப்பிவிடும் இடத்தில் பாட்டி வாய்விட்டுச் சிரித்தார்.

நகர மன்றக் காட்சியில் முதல் ஓட்டை. ஆங்கிலம் சரியாக வராத வெய்வெய் திருமண உறுதிமொழியைத் தாறுமாறாகச் சொல்வார். சம்பந்திகள் சிரித்தார்கள். பாட்டியும் தங்கையும் அமைதியாக இருந்தார்கள். திரையைப் பார்த்தேன். அவர் குழறியதை நான் நல்ல தமிழில், இலக்கண சுத்தமாக எழுதி வைத்திருந்தேன்.

விருந்துக் காட்சியில், சீனர்கள் அமைதியானவர்கள் என்றல்லவா நினைத்தேன் என்று ஒரு வெள்ளைக்கார விருந்தாளி வியக்க, பக்கத்து மேசைக்காரர் ஒரு பதில் சொல்வார். அந்தப் பக்கத்து மேசைக்காரர் ஆங் லீயேதான். என் வரி இப்படி இருந்தது: “ஐயாயிரம் ஆண்டுக் காலப் பாலியல் ஒடுக்குமுறையின் விளைவை நீங்கள் கண்டுகொண்டிருக்கிறீர்கள்.” தங்கை ‘ஒடுக்கு’ வரைக்கும் வாய்க்குள் வாசித்தார். காட்சி மாறிவிட்டது.

பெரிய சறுக்கல் காலை உணவு மேசையில். வெய்வெய் கர்ப்பம் என்பது சைமனுக்குத் தெரிந்து, மூன்று பேரும் பெற்றோர் எதிரிலேயே ஆங்கிலத்தில் கத்திச் சண்டை போடுவார்கள். எல்லா உண்மையும் அந்த மேசையில் கொட்டப்படும். அம்மா ஒன்றும் புரியாமல் முழிப்பார், அப்பா வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். சம்பந்தி அம்மாள் சிரிப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாட்டி மகனிடம் திரும்பிக் கேட்டார்:

“ஏன்டா, பெத்தவங்க முன்னாடியே இதெல்லாம் இப்படிக் கத்துறாங்களே, அந்த அப்பாவுக்குக் காது கேட்காதா?”

நண்பர் என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன்.

கடைசிப் பகுதியில் அப்பா சைமனைத் தனியாக உட்கார வைத்து, பிறந்தநாள் வாழ்த்தை ஆங்கிலத்தில் சொல்லிப் பணம் வைத்த சிவப்பு உறையைக் கொடுப்பார். அவருக்கு ஆங்கிலம் புரியும், எல்லாம் தெரியும் என்று அங்கேதான் வெளிப்படும். படத்தின் உச்சம் அது. பாட்டிக்கு அது ஒரு கிழவர் ஒரு பையனுக்குப் பரிசு கொடுக்கும் இடமாக மட்டுமே தெரிந்தது. “நல்ல மனுஷன்” என்றார்.

படம் முடிந்ததும் மருமகள் நன்றி சொன்னார். முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது, மறைக்கவும் இல்லை.

எங்கே தவறியது

அன்றிரவு பஸ்ஸில் போகும்போது நினைத்தது: பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும், ஆங்கில ஓசைக்கும் மாண்டரின் ஓசைக்கும் வித்தியாசம் தெரியாதா என்ன? இந்த ஊரில் அத்தனை வருடம் இருந்தவர். அந்த வீட்டிலேயே தினமும் இரண்டையும் கேட்பவர்.

தெரியும்தான். ஆனால் கண் எழுத்தில் இருக்கும்போது காது தூங்கிவிடுகிறது. எழுத்து ஓடும் வேகத்தில் வாசித்துக்கொண்டே முகங்களையும் பார்க்கவேண்டியவருக்கு, எந்த மொழி காதில் விழுகிறது என்று கவனிக்க நேரம் மிச்சமில்லை. அவர் கண்ட படத்தில் எல்லாரும் தமிழ் பேசினார்கள். தமிழ் பேசும் அப்பா முன்னால் தமிழில் கத்தினால், காது கேட்காதா என்ற கேள்வி வரத்தானே செய்யும்?

ஆங்கிலப் பார்வையாளருக்கு இந்தச் சிக்கல் வரவே வராது. எழுத்து வந்தால் மாண்டரின், வராவிட்டால் ஆங்கிலம். காலித் திரையே அவருக்குத் தகவல். நான் அந்தக் காலி இடங்களைப் பொறுப்பாக நிரப்பி, தகவலை அழித்துவிட்டேன். மூல ஆங்கில சப்டைட்டிலில் எது இல்லை என்பதைக் கவனிக்காமல், இருப்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது என் பிழை. சரிபார்த்தவர் மேல் குற்றமில்லை, வசனங்கள் ஒவ்வொன்றாகப் பார்த்தால் சரியாகவே இருந்தன.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மொழியைக் காட்டுவது எப்படி? நாலு வழி யோசித்தோம். ஆங்கில வசனத்துக்கு எழுத்தே போடாமல் விடலாம். மூலத்துக்கு நெருக்கமான வழி அதுதான், ஆனால் பாட்டிக்குப் பாதிப் படம் போய்விடும். வரிக்கு முன்னால் அடைப்புக்குறியில் ‘ஆங்கிலம்’ என்று போடலாம். ஏற்கெனவே நீண்ட வரி இன்னும் நீளும். சாய்வெழுத்து இன்னொரு வழி. தமிழைச் சாய்த்தால் படிக்கும் வேகம் குறைகிறது, பாட்டி கண்புரை அறுவை செய்துகொண்டவர் வேறு. கடைசியில் நிறம். மாண்டரினுக்கு மஞ்சள், ஆங்கிலத்துக்கு வெள்ளை, இரண்டுக்கும் கறுப்பு விளிம்பு. படம் தொடங்குமுன் பத்து வினாடி ஓர் அறிவிப்பு: மஞ்சள் என்றால் சீனம், வெள்ளை என்றால் ஆங்கிலம். எஸ்.ஆர்.டி. என்ற சப்டைட்டில் கோப்பில் ஒவ்வொரு வரிக்கும் நிறக் குறி போடுவது இயந்திர வேலை, இரண்டு ராத்திரியில் முடிந்தது.

நிறம் மட்டும் போதாது என்று எனக்குப் பட்டது. நடையும் மாறவேண்டும். பெற்றோர் பேசும் மாண்டரினை வீட்டுப் பெரியவர்கள் பேசும் தமிழாக வைத்தேன். வெய்தோங்கும் சைமனும் பேசுவதை நண்பர்கள் பேசும் வெட்டிப் பேச்சு நடைக்கு இறக்கினேன். முழுப் பேச்சு வழக்கில் எழுதினால் கண் தடுக்கும், பேசும்போது இனிக்கிற ‘சாப்ட்டுட்டு’ திரையில் ஒரு முள். ஆகவே வினைகளை மட்டும் பேச்சில் விட்டு, பெயர்ச்சொற்களை எழுத்து வழக்கிலேயே வைத்தேன்.

முறைப்பெயர்தான் எங்களை ஒரு முழு ஞாயிறு உட்கார வைத்தது. மாண்டரினில் நண்பரின் அப்பாவை ‘போஃபு’ என்பார்கள், நேர்ப்பொருள் பெரியப்பா. அம்மாவை ‘போமு’. கல்யாணத்துக்குப் பிறகு மருமகள் அவர்களை ‘பா’, ‘மா’ என்றே அழைப்பது வழக்கம். நேர்ப்பொருளை எடுத்து ‘பெரியப்பா’ என்று எழுதினால் மாப்பிள்ளை அண்ணன் முறை ஆகிவிடுவார், தமிழ் வீட்டில் கல்யாணமே நின்றுவிடும். முதலிலிருந்தே ‘மாமா, அத்தை’ என்று போட்டால் முறை இடிக்காது, ஆனால் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் ஒரே சொல் நின்று மாற்றம் தெரியாமல் போகும். என் முதல் வரைவில் அப்படித்தான் இருந்தது. ‘ஐயா, அம்மா’ வேலைக்காரப் பெண் பேசுவது போல் இருந்தது.

மருமகள் தன் அனுபவத்தைச் சொன்னார். இந்த வீட்டுக்கு முதன்முதலில் வந்தபோது பாட்டியை ‘ஆன்ட்டி’ என்றாராம். நிச்சயம் ஆன மறுநாள் பாட்டியே “இனிமே அத்தைன்னு கூப்பிடு” என்றாராம். அவருடைய கணவரோ அந்தப் பக்கத்தில் ‘பா, மா’ என்று சீன வழக்கத்துக்கே போய்விட்டார். பிறகென்ன, முடிவு கிடைத்துவிட்டது: கல்யாணத்துக்கு முன் ‘அங்கிள், ஆன்ட்டி’, பின் ‘மாமா, அத்தை’. மஞ்சள் வரிக்குள் ‘அங்கிள்’ என்ற ஆங்கிலச் சொல் வருவது என் நிற விதிக்கு முரண்தான். அந்தச் சொல் இப்போது தமிழ்தான் என்று விட்டுவிட்டேன்.

அடுத்தது ‘நீ’யும் ‘நீங்க’வும். வெய்வெய்யும் வெய்தோங்கும் தனியாக இருக்கும்போது ஒருவருக்கொருவர் ‘நீ’. பெற்றோர் அறைக்குள் வந்தவுடன் வெய்வெய்யின் வாயில் ‘நீங்க’ வரும்படி எழுதினேன். நாடகம் ஆடுகிறார் என்பதைத் தமிழில் காட்ட இதைவிடச் சின்ன வழி இல்லை. மருமகள் இதை ஏற்கவில்லை. மூலத்தில் அப்படி ஒரு மாற்றம் இல்லை, நீங்களாகவே ஒரு நகைச்சுவையைச் சேர்க்கிறீர்கள் என்றார். அவர் சொன்னது உண்மை. ஆனால் மூலத்தில் இரண்டு மொழி சேர்ந்து செய்யும் வேலையில் நாம் கொஞ்சம் இழந்துவிட்டோம், தமிழ் தரும் வசதியை ஒரு இடத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் வாதம். சோதனையாக வைத்துக்கொள்வோம் என்று முடிந்தது.

சிவப்பு உறைக்கு முதல் வரைவில் ‘மொய்’ என்று எழுதியிருந்தேன். நண்பர்தான் தடுத்தார். மொய் நோட்டில் ஏறும், திரும்பிச் செய்யவேண்டும். அப்பா சைமனுக்குக் கொடுப்பது கணக்கில் ஏறாத பணம், நீயும் என் பிள்ளைதான் என்று சொல்லிக் கொடுப்பது. இந்த ஊரில் தமிழர்களே ‘அங்பாவ்’ என்றுதான் சொல்கிறோம். பாட்டிக்கு வருடா வருடம் சம்பந்தி வீட்டிலிருந்து வருகிறது. அங்பாவ் என்றே போட்டேன். தமிழ்நாட்டு வாசகருக்கு எழுதியிருந்தால் இந்த முடிவை எடுத்திருக்க மாட்டேன்.

மருத்துவமனையில் மகன் அம்மாவிடம் உண்மையைச் சொல்லும் இடத்தில் ‘தன்பாலீர்ப்பாளர்’ என்று இருந்தது. அரசாங்கப் படிவத்துக்குச் சரியான சொல். அழுதுகொண்டு அம்மாவிடம் பேசும் மகனின் வாயில் அது கட்டையாக நின்றது. “நானும் சைமனும்தான் சேர்ந்து வாழ்றோம், அம்மா” என்று மாற்றினேன். (தைவானில் பின்னாளில் இதற்குப் பரவலான சொல் ‘தோங்ஜி’, நேர்ப்பொருள் ‘தோழர்’. கம்யூனிஸ்டுகளோடு போரிட்ட தலைமுறை அப்பாக்களின் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று யோசித்துச் சிரித்துக்கொண்டேன். தமிழில் ‘தோழர்’ என்று போடும் ஆசையை அடக்கிக்கொண்டேன்.)

உறுதிமொழியை வெய்வெய் குழறியபடியே தமிழிலும் குழறவிட்டேன். ‘நோயிலும் நலத்திலும், சாவு பிரிக்கும்வரை’ என்பது அவர் வாயில் ‘நோயும் சாவும் வரும்வரை’ என்று முடிந்தது. ஐயாயிரம் ஆண்டு வரி இப்படிச் சுருங்கியது: “ஐயாயிரம் வருஷமா மூடி வெச்சது. இப்ப மூடி பறக்குது.” எதை மூடி வைத்தது என்று எழுத்தில் சொல்லவில்லை, படமே காட்டுகிறது.

இரண்டாம் காட்சி

மூன்று வாரம் கழித்து அதே கூடம். பாட்டியின் தங்கைக்கு உடம்பு சரியில்லை, வரவில்லை. ஏற்கெனவே பார்த்த படம் என்பதால் இரண்டு காட்சிகளையும் நேராக ஒப்பிட முடியாது, பாட்டிக்குக் கதை தெரியும். இருந்தாலும் குறித்ததைச் சொல்கிறேன்.

உறுதிமொழியில் பாட்டி சிரித்தார், சம்பந்தி அம்மாளுக்கு ஒரு நொடி பிந்தி. மூடி பறந்த இடத்தில் எல்லாரும் ஒன்றாக. பெற்றோர் விமான நிலையத்தில் வந்து இறங்கியதும் வெய்வெய் ‘நீங்க’ என்றபோது பாட்டி தொடையில் தட்டி, “மாமியார் வந்ததும் மரியாதை வந்துருச்சு பாரு!” என்றார். மருமகள் என்னைத் திரும்பிப் பார்த்தார். தோற்றதை ஒப்புக்கொள்ளும் பார்வை என்று சொல்ல முடியாது.

காலை உணவுச் சண்டைதான் நான் காத்திருந்தது. வெள்ளை வரிகள் மளமளவென்று ஓடின. இந்த முறை பாட்டி கத்துகிறவர்களைப் பார்க்கவில்லை, பேசாமல் உட்கார்ந்திருக்கும் அப்பாவையே பார்த்தார். கொஞ்ச நேரத்தில் சொன்னார்: “இந்த மனுஷன் கேட்டுக்கிட்டேல்ல இருக்காரு.”

இது நான் எதிர்பாராதது. முன்பு ரகசியம் இருப்பதே தெரியவில்லை, இப்போது வெளிப்படும் முன்பே பிடித்துவிட்டார். நிறம் கொஞ்சம் அதிகமாகவே வேலை செய்துவிட்டதா, அல்லது முதல் தடவை பார்த்ததன் நினைவா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆனால் இயக்குநர் கேமராவை அந்த அமைதியான முகத்தில் நிறுத்துவதே கூர்ந்து பார்க்கிறவர் பிடித்துக்கொள்ளட்டும் என்பதற்காகத்தான் என்று நினைக்கிறேன், அதனால் எனக்கு இதில் வருத்தமில்லை.

பிறகு அப்பாவும் சைமனும் உட்கார்ந்து பேசும் காட்சி. அப்பாவின் வாயிலிருந்து முதன்முறையாக வெள்ளை வரிகள். கண்டேன், கேட்டேன், கற்றுக்கொண்டேன் என்கிற மாதிரி, மனைவிக்கும் மகனுக்கும் மருமகளுக்கும் சொல்லாதே என்று உடைந்த ஆங்கிலத்தில். அப்புறம் திடீரென்று மாண்டரினுக்கு மாறுவார். மஞ்சளில் போட்டேன்: “ஏமாந்த மாதிரி இருந்தேன். இல்லாட்டி பேரப்பிள்ளையை எங்கே தூக்குறது?” சைமனுக்கு அது புரியாது. புரியவில்லை என்பார். கூடத்தில் எல்லாருக்கும் புரிந்தது. பாட்டியும் சம்பந்தி அம்மாளும் சேர்ந்து சிரித்தார்கள். என் நோட்டில் அந்த நேரத்துக்கு எதிரே இரண்டு கோடு இருக்கிறது.

சிரிப்பு அடங்கியதும் பாட்டி மெதுவாகத் தலையைத் திருப்பி, சோபாவின் மறு ஓரத்தில் உட்கார்ந்திருந்த சம்பந்தியைப் பார்த்தார். ஒன்பது வருடமாக ஞாயிறு தோறும் அந்த மேசையில் பேசாமல் உட்கார்ந்து சாப்பிடுகிறவர். பிறகு மருமகளிடம் கேட்டார்:

“ஏம்மா, உங்க அப்பாவுக்குத் தமிழ் தெரியுமா?”

மருமகள் மாண்டரினில் கேட்டார். அவர் சிரித்தார். பதில் சொல்லவில்லை. தொலைக்காட்சியைக் காட்டி, படம் இன்னும் முடியவில்லை என்று சைகை செய்தார்.

சரியாக வராதவை

விருந்து முடிந்து நண்பர்கள் மணமக்களின் ஹோட்டல் அறைக்குள் புகுந்து கலாட்டா செய்யும் பகுதியில் நிறம் குழப்பியது. போர்வைக்குள் இருந்தபடி துணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வெளியே போடச் சொல்வார்கள். அதட்டலும் சிரிப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும், வரிகள் ஒரு வினாடிக்குள் வந்து போகும். பாட்டி வாசிப்பதை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தார், அதுவே போதுமாக இருந்தது. “நம்ம நலங்குல அப்பளம் உடைக்கிறது எவ்வளவோ தேவலை” என்றார். அங்கே பாதி வரிகளை நான் வெட்டியிருக்கவேண்டும். ஒரு வசனத்தையும் விடக்கூடாது என்ற மொழிபெயர்ப்பாளனின் கஞ்சத்தனம்.

உணவகக்காரர் தன் பழைய மேலதிகாரியைப் பார்த்துக் காட்டும் ராணுவ மரியாதையும் தமிழில் சரியாக இறங்கவில்லை. ‘தளபதி’ என்று போட்டேன். அந்தச் சொல்லுக்கு நம் காதில் சினிமா வாசம் வந்துவிட்டது. பாட்டி மகனைப் பார்த்துக் கண்ணடித்தார். அங்கே அந்தச் சிரிப்பு வந்திருக்கக் கூடாது.

அடுத்த முறை மாற்றுவது

இரண்டு மொழிப் படமென்றால் தமிழாக்கத்தைத் தொடங்குமுன் படத்தை ஒருமுறை எழுத்தே இல்லாமல் ஓட்டி, யாருக்கு எந்த மொழி தெரியும், யாருக்குத் தெரியாது என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வேன். இந்தப் படத்துக்கு அந்தத் தாள் அரைப் பக்கம்கூட வராது. அதை எழுதாததால் ஆறு மாலை உழைப்பு ஒரு சனிக்கிழமை வீணானது.

சரிபார்ப்பவர் மூல மொழி தெரிந்தவராக இருந்தால் மட்டும் போதாது. இரண்டு மொழியும் தெரியாத ஒருவரை, வெறும் சப்டைட்டிலை நம்பிப் பார்க்கிற ஒருவரை, முதல் பத்து நிமிடத்துக்காவது உட்கார வைத்துப் பார்க்கவேண்டும். பாட்டியின் தங்கையிடம் முன்கூட்டியே ஒரு காட்சியைப் போட்டிருந்தால் ‘ஒடுக்குமுறை’ அன்றைக்கே வெட்டுப்பட்டிருக்கும்.

மென்பொருளின் சிவப்பு எச்சரிக்கையை இப்போது பார்க்கிறேன். எண்ணை நம்புவதில்லை, சிவப்பு வந்த வரியை ஒருமுறை வாய்விட்டு வாசித்து, வாசித்து முடிப்பதற்குள் காட்சி போய்விடுகிறதா என்று பார்க்கிறேன்.

‘நீங்க’ விஷயம் இன்னும் தீரவில்லை. மருமகள் தன் பிரதியில் அதை எடுத்துவிடச் சொன்னார், எடுத்துக் கொடுத்தேன். பாட்டி பார்ப்பதற்கென்று வைத்திருக்கும் கோப்பில் அப்படியே இருக்கிறது. இரண்டு கோப்புக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டேன், எது எது என்று இப்போது திறந்து பார்த்தால்தான் தெரியும்.